பேட்டியில் ஓர் அறியாவினா

பேட்டிக்குப் போகும் பிள்ளைக்கு நம் வீடுகளில் வழிவழியாகச் சொல்லப்பட்டு வரும் புத்திமதி ஒன்றுண்டு: "கேட்டதற்கு மட்டும் பதில் சொல், அதிகம் பேசாதே." பிழைப்பை நாடித் தொலைதூரம் வந்த குடும்பங்களில் இந்தப் புத்திமதிக்கு வலு இன்னும் அதிகம். ஊர் புதிது, பாஷை புதிது, மேஜைக்கு அப்பால் அமர்ந்திருப்பவர் யாரோ எவரோ. வாயைக் கட்டிக்கொண்டால் வம்பில்லை என்பது நம் பெரியவர்கள் கண்ட வழி. குமாஸ்தா உத்தியோகத்துக்கு அது போதுமானதாகவும் இருந்தது. மருத்துவக் கல்லூரிப் பேட்டிக்கு அது போதாது என்பது என் அபிப்பிராயம். அங்கே பிள்ளையும் ஒரு கேள்வியாவது கேட்கக் கற்றிருக்க வேண்டும். எதைக் கேட்கலாம், எதை விட்டுவிடலாம் என்பதைப் பற்றிச் சில வார்த்தைகள் எழுதத் துணிகிறேன். முப்பது ஆண்டுகளாகப் புனே நகரில் ராஸ்தா பேட்டில் குடியிருந்து, பேட்டிக்கு வரும் உறவினர் பிள்ளைகளை வீட்டில் தங்கவைத்து அனுப்பிய பழக்கம் ஒன்றே எனக்குள்ள யோக்கியதை.

இக்காலத்தில் மருத்துவப் படிப்புக்குப் பேட்டி ஏது என்று அன்பர்கள் கேட்கக்கூடும். நியாயமான கேள்வியே. 2016 முதல் பெரும்பாலான கல்லூரிகளும், 2020 முதல் எய்ம்ஸ், ஜிப்மர் ஆகியவையும் 'நீட்' தேர்வைக் கொண்டே எம்.பி.பி.எஸ். மாணவரைச் சேர்க்கின்றன. பேட்டி என்றதும் ஒரு காலத்தில் நம்மவர்க்கு நினைவு வந்தது வேலூர். 1918இல் ஐடா ஸ்கடர் அம்மையார் 17 பெண்களைக் கொண்டு தொடங்கிய அந்தப் பள்ளி, பெரிய கல்லூரியாக வளர்ந்த பின்னும், எழுத்துத் தேர்வில் தேறியவர்களை நேரில் வரவழைத்து, சில நாள் உடன் வைத்துப் பழகிப் பார்த்தே இடம் கொடுத்து வந்தது. அந்த உரிமையை விட மனமின்றி, 2017இல் தன்னிடமிருந்த 100 இடங்களில் ஒரே ஓர் இடத்தை மட்டும் நிரப்பி, மற்றவற்றைக் காலியாகவே விட்டது. 2020 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம், நீட் தேர்வு சிறுபான்மையோர் நடத்தும் கல்லூரிகளுக்கும் பொருந்தும் என்று தீர்ப்புக் கூறியது. அத்துடன் அந்தக் கதை முடிந்தது. மதிப்பெண்ணை மட்டும் பார்ப்பதில் நேர்மை உண்டு; சிபாரிசுக்கு இடமில்லை. ஆயினும் நோயாளியின் கையைப் பிடிக்கப்போகிறவன் முகத்தை ஒருமுறையேனும் யாராவது பார்த்திருக்கலாமே என்ற எண்ணம் எனக்குப் போகவில்லை.

பேட்டி எஞ்சியிருக்கும் இடங்களுள் முக்கியமானது எங்கள் ஊரிலுள்ள ஆயுதப்படை மருத்துவக் கல்லூரி. 1948இல் நிறுவப்பெற்று, 1962 ஆகஸ்டு முதல் எம்.பி.பி.எஸ். வகுப்பு நடத்தி வரும் இக்கல்லூரிக்கும் முதல் வாயில் நீட் மதிப்பெண்தான். ஆனால் அதனோடு விடமாட்டார்கள். அழைக்கப்பெற்ற பிள்ளைகள் நேரில் வந்து, ஆங்கில அறிவையும் தர்க்க அறிவையும் அளக்கும் சிறு தேர்வு ஒன்று எழுத வேண்டும். மனப்பாங்குச் சோதனைக்கு உட்பட வேண்டும். 50 மதிப்பெண்ணுக்கான பேட்டியில் அமர வேண்டும். உடற்பரிசோதனையிலும் தேற வேண்டும். 2023இல் இந்திய மாணவர்க்குரிய 145 இடங்களில் 115 ஆண்பிள்ளைகளுக்கு, 30 பெண்பிள்ளைகளுக்கு. கல்விக் கட்டணம் கிடையாது. அதற்கு ஈடாக, படித்து முடித்தவர் முப்படைகளுள் ஒன்றில் மருத்துவ அதிகாரியாகப் பணியாற்றக் கடமைப்பட்டவர். குறுகிய காலப் பணி என்று பெயரிட்டிருப்பதே ஏழாண்டு. நாலரை ஆண்டுப் படிப்பையும் சேர்த்துக் கணக்கிட்டால், பதினெட்டு வயதுப் பிள்ளை பத்தாண்டுக்கு மேற்பட்ட தன் வாழ்வை ஒரு கையெழுத்தில் எழுதிக் கொடுக்கிறது. அவ்வளவு பெரிய கையெழுத்தை இடுமுன் ஒரு கேள்விகூடக் கேட்கலாகாதா?

இக்கல்லூரி நம்மவர்க்குப் புதியதன்று. திருப்பதியில் ஒரு தமிழ்க் குடும்பத்தில் பிறந்து, தில்லியில் வளர்ந்து, தில்லித் தமிழ்க் கல்விக் கழகத்துப் பள்ளியில் படித்த பெண்மணி ஒருவர் 1963இல் இங்கே மாணவியாகச் சேர்ந்தார். நோயுற்ற தாயாருக்குச் சிறு வயதிலேயே பணிவிடை செய்தவர் அவர். 1968இல் விமானப்படையில் பணியேற்று, 2004இல் ஏர் மார்ஷல் பதவிக்கு உயர்ந்தார். இந்திய விமானப்படையில் அப்பதவியை எட்டிய முதல் பெண்மணி பத்மா பந்தோபாத்யாய் அவர்கள்தாம் அவர். புலம்பெயர்ந்த தமிழ் வீட்டுப் பெண்பிள்ளை எவளாயினும் அக்கல்லூரி வாயிலில் நிற்கும்போது, தனக்கு முன் ஒருத்தி அங்கே நடந்து போயிருக்கிறாள் என்று தைரியம் கொள்ளலாம்.

இனிக் கேள்விக்கு வருவோம். பள்ளியில் இலக்கணம் படித்தவர்களுக்கு நினைவிருக்கும். நன்னூல் இயற்றிய பவணந்தியார் வினாவை அறிவினா, அறியாவினா, ஐயவினா, கொளல்வினா, கொடைவினா, ஏவல்வினா என்று ஆறாக வகுத்தார். விடை தெரிந்தும் பிறரைச் சோதிக்கக் கேட்பது அறிவினா. தெரியாமையால் தெரிந்துகொள்ளக் கேட்பது அறியாவினா. இதுவோ அதுவோ என்று ஐயுற்றுக் கேட்பது ஐயவினா. கடைக்காரரிடம் "பருப்பு இருக்கிறதா?" என்று வாங்குவதற்காகக் கேட்பது கொளல்வினா. எழுநூறு ஆண்டுகளுக்கும் மேற்பட்ட இந்தப் பாகுபாட்டைவிடச் சிறந்த வழிகாட்டி பேட்டிக்குப் போகும் பிள்ளைக்குக் கிடையாது என்பேன். பேட்டி நடத்துவோர் கேட்பன பெரும்பாலும் அறிவினா. பிள்ளை கேட்கத் தக்கது அறியாவினா. இரண்டு கல்லூரிகளுக்கிடையே தத்தளிப்பவனானால் ஐயவினாவும் ஆகலாம். "எனக்கு இடம் கிடைக்குமா?" என்பது கொளல்வினா. பருப்புக் கடையில் செல்லும், பேட்டியில் செல்லாது.

எல்லாவற்றிலும் ஆபத்தானது, அறியாவினாவின் சட்டையை மாட்டிக்கொண்டு வரும் அறிவினா. தில்லியிலிருந்து வந்த என் ஒன்றுவிட்ட தம்பி மகன் ஒருவன், ரோபாட்டைக் கொண்டு செய்யும் அறுவைச் சிகிச்சையைப் பற்றி நீளமான கேள்வி ஒன்றை மனப்பாடம் செய்துகொண்டு போனான். யாரோ பயிற்சி வகுப்பில் எழுதிக் கொடுத்தது. அவன் அதை அழகாக ஒப்பித்ததும், எதிரிலிருந்தவர் மெல்லச் சிரித்து, "நல்லது, அதைப் பற்றி நீ என்ன படித்திருக்கிறாய்?" என்று திருப்பினாராம். பையனுக்கு வேர்த்துவிட்டது. மாலையில் வீட்டுக்கு வந்து தானே சொல்லிச் சிரித்தான்; நல்ல சுபாவம் உள்ளவன். தன் கெட்டிக்காரத்தனத்தைக் காட்ட ஒரு கேள்வியைத் தூதனுப்பினால், தூதன் பிடிபட்டுவிடுவான்.

அச்சிட்ட அறிவிப்பிலேயே உள்ளதைக் கேட்பதும் வேண்டாத வேலை. விடுமுறை எத்தனை நாள், விடுதியில் ஓர் அறையில் எத்தனை பேர், சம்பளம் என்ன என்பவற்றுக்கெல்லாம் காகிதத்திலோ காவல் வாயிலில் நிற்கும் மூத்த மாணவரிடமோ விடை கிடைக்கும். "எங்கள் பெண்ணைத் தெற்கே போடுவீர்களா?" என்பது பெற்றோரின் கேள்வி, பிள்ளையின் வாய் வழியாக அது வெளிவருவது தெரிந்துவிடும். அதை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போவது நலம்.

2019ஆம் ஆண்டு ஆனி மாதத்தில் என் தங்கை மகள் பிலாயிலிருந்து வந்தாள். அவள் தகப்பனார் அங்கே உருக்காலையில் வேலை பார்ப்பவர். துர்க் நிலையத்தில் ஆஸாத் ஹிந்த் வண்டி ஏறி, தகப்பனும் மகளும் புனே மழையில் நனைந்துகொண்டே வந்து சேர்ந்தார்கள். மாப்பிள்ளையின் கையில் சான்றிதழ்கள் அடங்கிய உறை. பெண்ணின் கையில் ஒரு நோட்டுப் புத்தகம். அதில் பேட்டியில் கேட்கத்தக்கவை என்று தோழிகளும் ஆசிரியர்களும் சொல்லிய கேள்விகள், இரண்டு பக்கத்துக்கு.

"மாமா, இவற்றில் எதைக் கேட்டால் நன்றாக இருக்கும்?" என்று நீட்டினாள். நான் மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தேன். எல்லாம் ஒழுங்கான கேள்விகள். ஒன்றுகூட அவளுடையதாகத் தோன்றவில்லை.

"இதில் எதற்காவது பதில் தெரியாவிட்டால் உனக்கு நஷ்டமா, அம்மா?" என்றேன்.

யோசித்துப் பார்த்து, "இல்லை, மாமா" என்றாள். நோட்டை மூடி வைத்துவிட்டாள்.

அன்றிரவு சமையலறையில் அவளுடைய அத்தை கீரை ஆய்ந்துகொண்டிருந்தபோது, பக்கத்தில் உட்கார்ந்து உதவியவள் மெதுவாகக் கேட்டாளாம்: "அத்தை, நான் டாக்டராகித் தனியாக ஓர் இடத்தில் இருக்கிறேன். நோயாளி வந்துவிட்டார். என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை. அப்போது நான் யாரைக் கேட்பது?"

இந்தக் கேள்வி எங்கிருந்து பிறந்தது என்பது எங்கள் குடும்பத்தில் எல்லோருக்கும் தெரியும். அவளுக்குப் பத்து வயதிருக்கும்போது, கோடை விடுமுறைக்கு ஊருக்குப் போன இடத்தில் என் தங்கைக்கு நாள் தப்பி வலி கண்டுவிட்டது. சிறிய ஆஸ்பத்திரி. இரவுப் பணியில் தனியாக இருந்த இளைஞர் கெட்டவரல்லர். மேல் டாக்டரை எழுப்பிக் கேட்பதா, கேட்டால் என்ன நினைப்பாரோ என்று தயங்கியே இரண்டு மணி நேரத்தைப் போக்கிவிட்டார். தாய் பிழைத்தாள், குழந்தை தக்கவில்லை. வராந்தாவில் பெஞ்சியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்த சிறுமிதான் இவள்.

மறுநாள் காலை, "அந்தக் கேள்வியைத்தான் கேட்கப்போகிறேன்" என்று அவள் சொன்னதும் மாப்பிள்ளை கையிலிருந்த காப்பியைக் கீழே வைத்துவிட்டார்.

"மச்சான், நீங்களாவது சொல்லுங்கள். எதிரே இருப்பவர்கள் ராணுவ அதிகாரிகள். 'எனக்குத் தெரியாமல் போனால்' என்று இவளே வாயைத் திறந்தால், கோழை என்று எழுதிவிட மாட்டார்களா? கட்டணமில்லாத இடம். இவளுக்குப் பின்னால் தம்பி ஒருவன் இருக்கிறான். என் சம்பளத்தில் வேறு எங்கே சேர்ப்பேன்?"

அவர் பேச்சிலும் நியாயம் இருந்தது. ராய்ப்பூர்ப் பக்கம் அரசாங்கக் கல்லூரி ஒன்றில் இடம் கிடைக்கலாம் என்ற நம்பிக்கை இருந்ததே தவிர, நிச்சயமில்லை. ஐந்து மதிப்பெண் குறைந்தாலும் பட்டியலில் பெயர் கீழே இறங்கிவிடும். முப்பது இடங்களுக்குள் ஓர் இடம் அல்லவா? "மாப்பிள்ளை, பத்தாண்டுக்கு மேல் அங்கே இருக்கப்போகிறவள் அவள். கேட்கட்டும்" என்றேன். அவர் பதில் சொல்லவில்லை. ஆட்டோவில் போகும்போதும் பேசவில்லையாம்.

பேட்டியில் அவளைக் கேள்வி கேட்கும்படி யாரும் அழைக்கவில்லை. நம் நாட்டுப் பேட்டிகளில் இது சகஜம். "நீ போகலாம்" என்று சொல்லியாயிற்று. எழுந்து நின்றவள், நாற்காலியைப் பிடித்துக்கொண்டு, "ஐயா, அனுமதித்தால் நான் ஒன்று கேட்கலாமா?" என்றாளாம். அனுமதித்தார்கள். கேட்டுவிட்டாள்.

சற்று நேரம் அமைதி. பிறகு ஓரமாக அமர்ந்திருந்தவர் பதில் சொன்னார் என்றாள். தொடக்கத்தில் பெரிய ஆஸ்பத்திரிகளில் உனக்கு மேலே பலர் இருப்பார்கள். பிறகு படைப்பிரிவோடு தனியாக இருக்கும் காலம் வரும். அங்கிருந்தும் மேல் டாக்டரைத் தொடர்பு கொள்ளலாம். தொடர்பு அறுந்துபோன இடத்தில் உன்னுடன் ஒரு மருத்துவ உதவியாளர் இருப்பார். பட்டம் இல்லாதவர், ஆனால் உன்னைவிடப் பல ஆண்டு அதிகம் கண்டவர். அதிகாரி என்ற எண்ணத்தில் அவரைக் கேட்கக் கூசாதே. சாரம் இவ்வளவுதான்.

அந்தக் கேள்வியால் மதிப்பெண் கூடிற்றா, குறைந்ததா என்பது எவருக்கும் தெரியாது. கேள்விவாரியாக யாரும் கணக்குக் காட்டுவதில்லை. பட்டியலில் அவள் பெயர் இருந்தது. சில நாட்களில் ராய்ப்பூர் இடமும் கிடைத்துவிட்டது! வீட்டிலிருந்து பக்கம், தாயைப் பார்த்துக்கொள்ளலாம் என்று இப்போது மாப்பிள்ளையின் மனம் அந்தப் பக்கம் சாய்ந்தது. உறவினர் ஆளுக்கொன்று சொன்னார்கள். அவளோ புனேயைத்தான் தேர்ந்தாள். ஏன் என்று தொலைபேசியில் கேட்டேன். "நான் கேட்டபோது அங்கே யாரும் சிரிக்கவில்லை, மாமா" என்றாள்.

2024இல் படித்து முடித்தாள். இப்போது வடகிழக்கே ஒரு முகாமில் இருக்கிறாள். அவளுடன் பணிபுரியும் உதவியாளர் திருவண்ணாமலைப் பக்கத்தவராம்; தமிழில் பேச ஆள் கிடைத்ததில் அவளுக்கு மகிழ்ச்சி. அக்கல்லூரியின் அணிவகுப்புத் திடல், 1994இல் காஷ்மீரில் உயிர்நீத்த இளம் மருத்துவ அதிகாரி கேப்டன் தேவாஷிஷ் சர்மாவின் பெயரைத் தாங்கி நிற்கிறது. அத்திடலில் அவள் நடந்து வந்த அன்று என் தங்கை மேடையைப் பார்க்கவில்லை, பெயர்ப் பலகையையே பார்த்துக்கொண்டிருந்தாள் என்று என் மனைவி சொல்லுவாள்.

எல்லாப் பிள்ளைகளுக்கும் இவ்வளவு ஆழமான கேள்வி இருக்க வேண்டும் என்பதில்லை. எளிய அறியாவினாக்கள் எத்தனையோ உண்டு. நாக்பூரிலிருந்து வந்த ஒரு பையன், "முதலாண்டில் ஒரு பாடத்தில் தவறிவிட்டவனுக்கு இங்கே யார் துணை செய்வார்கள்?" என்று கேட்டான். பள்ளியில் ஒருமுறை தவறி எழுந்தவன் அவன், உண்மையான கேள்வி. இன்னொரு பெண், "பல மொழி பேசும் சிப்பாய்களிடம் நோயை எப்படி விசாரித்துத் தெரிந்துகொள்ளக் கற்பிக்கிறீர்கள்?" என்றாள். வீட்டில் தமிழ், தெருவில் இந்தி, பள்ளியில் ஆங்கிலம் என்று வளரும் நம் பிள்ளைகளுக்கு இது தானாக எழக்கூடிய கேள்வி. பணியில் இருந்துகொண்டே மேற்படிப்புக்குப் போகிறவர்கள் எந்த முறையில் தெரிந்தெடுக்கப்படுகிறார்கள் என்பதும் கேட்கத் தக்கதே. ஆனால் முதற்கேள்வியாக வேண்டாம், உள்ளே நுழையுமுன் வெளியே போகும் வழியைக் கேட்பதுபோல் ஆகிவிடும். ஒன்று போதும், இரண்டு அதிகபட்சம். பதில் வரும்போது அடுத்த கேள்வியை யோசித்துக்கொண்டிராமல் பதிலைக் கேட்க வேண்டும். இதைச் சொல்லித்தான் தெரிய வேண்டுமா என்றால், வேண்டும், எத்தனையோ பிள்ளைகளிடம் "என்ன பதில் சொன்னார்?" என்று மாலையில் கேட்டால் விழிக்கிறார்கள்.

பேட்டியே இல்லாத கல்லூரிகளில் சேரும் பிள்ளைகள்தாம் இப்போது மிகுதி. அவர்களுக்கு முன்னே மேஜையும் இல்லை, கேட்பதற்கு ஆளும் இல்லை. கலந்தாய்வில் திரையைப் பார்த்து வரிசை எண் இட்டுவிட்டால் தீர்ந்தது. அவர்களும் தங்கள் கேள்வியைக் கொண்டு போக ஓர் இடம் உண்டு. தேர்ந்தெடுக்குமுன் ஒரு நாள் காலை ஒன்பது மணிக்கு அக்கல்லூரி ஆஸ்பத்திரியின் புறநோயாளிச் சீட்டுத் தரும் இடத்தில் போய் நின்று பார்க்கட்டும். வரிசை இருக்கிறதா, இல்லையா? நோயாளி வராத ஆஸ்பத்திரியில் மருத்துவம் எப்படிக் கற்பது? உள்ளுறைப் பயிற்சியில் இருக்கும் இளம் டாக்டர் ஒருவரைத் தேநீர்க் கடையில் பிடித்து, உதவித்தொகை மாதந்தோறும் கைக்கு வருகிறதா, இதுவரை எத்தனை பிரசவம் நேரில் பார்த்தார், நள்ளிரவில் மேல் டாக்டரை அழைத்தால் வருகிறாரா என்று கேட்கட்டும். இலட்சக்கணக்கில் கட்டணம் வாங்கும் தனியார் கல்லூரியானால், இந்தக் கேள்விகளைக் கேட்காமல் பணம் கட்டுவது, மணையில் உட்கார்ந்த பிறகு மாப்பிள்ளையின் ஊரை விசாரிப்பதை ஒக்கும்.

பெற்றோருக்கும் ஒரு வேலை உண்டு. பிள்ளையோடு நாமும் கையெழுத்திட வேண்டிய ஒப்பந்தப் பத்திரத்தை, கையெழுத்திடும் மேஜையில் அல்ல, முந்தைய நாள் இரவே வீட்டில் உட்கார்ந்து பிள்ளையைச் சத்தமாகப் படிக்கச் சொல்லிக் கேட்க வேண்டும். இடையில் விலகினால் எவ்வளவு செலுத்த வேண்டும், எந்த நாளுக்குள் விலகினால் ஒன்றும் செலுத்த வேண்டாம் என்பவை அதிலேயே இருக்கும். படிக்கும்போது பிள்ளை எந்த வரியில் தடுமாறுகிறதோ அங்கே நிறுத்திப் பேசலாம். என் மாப்பிள்ளை அப்படித்தான் செய்தார். அந்த இரவில்தான் தகப்பனும் மகளும் மறுபடி சரளமாகப் பேசிக்கொண்டார்கள்.

இவ்வாண்டும் பேட்டிக் காலத்தில் புனேயில் மழை பிடித்துக்கொள்ளும். மூலச் சான்றிதழ்களுக்கு நீர் புகாத உறை ஒன்றும், மாற்று உடை ஒரு செட்டும் அவசியம். கல்லூரிப் பக்கம் போகும் சாலையில் காலை நேரத்து நெரிசல் அதிகம். ஒரு மணி நேரம் முன்னதாகவே கிளம்ப வேண்டும். நம் சங்கத்துக் குடும்பங்களிலிருந்து யாரேனும் பிள்ளையை அழைத்து வருவதாயிருந்தால், காரியதரிசி மூலம் முன்கூட்டி ஒரு வார்த்தை சொல்லியனுப்பட்டும். எங்கள் வீட்டில் கூடத்தில் நான்கு பேர் படுக்கலாம். இரவில் ரசமும் சாதமும் உண்டு.